கடல் காற்றாலை அடித்தளம்: மோனோபைலின் நிலைத்தன்மையைச் சரிபார்க்கும் முழுமையான வழிகாட்டி

கடலுக்குள் நிற்கும் காற்றாலையின் அடித்தளத்தை, அதாவது கடல் தரைக்குள் அடித்து இறக்கும் ஒற்றைப் பெரிய எஃகுக் குழாயான மோனோபைலை (சுருக்கமாகப் பைல்), சரிபார்க்கச் சொன்னால், புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியோடு ஆரம்பிக்கிறார்கள்: "இது விழுமா, விழாதா?" உடனே உச்சப் புயலை எடுத்து, விசையைக் கணக்கிட்டு, எஃகின் தகைவைப் பார்க்கிறார்கள். எண் சிறியதாக வருகிறது. திருப்தியோடு கோப்பை மூடிவிடுகிறார்கள்.

ஏன் சிறியதாக வருகிறது என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். அமெரிக்க ஆய்வகமான என்.ஆர்.இ.எல். வெளியிட்ட 5 மெகாவாட் மாதிரி டர்பைன் பலரும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது. அதன் ரோட்டாரை, அதாவது சுழலும் இறக்கைத் தொகுதியை, காற்று தள்ளும் விசை, வினாடிக்கு 11.4 மீட்டர் காற்றில், சுமார் 800 கிலோநியூட்டன். இறக்கைகள் சேரும் மையமான ஹப் கடல் தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் இருந்தால், தரை மட்டத்தில் 80 மெகாநியூட்டன் மீட்டர் மொமென்ட் (விசையும் உயரமும் பெருகி வரும் வளைக்கும் திருப்பம்). 6 மீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பைலில் இது ஏற்படுத்தும் வளைவுத் தகைவு வெறும் 42 மெகாபாஸ்கல். எஃகு 300க்கு மேல் தாங்கும். அப்படியானால் ஏன் இவ்வளவு பெரிய பைல்?

பைலின் அளவைப் பெரும்பாலும் முடிவு செய்வது வலிமை அல்ல, விறைப்பும் களைப்பும்தான். 25 வருடம் முழுக்க, கட்டமைப்பு தானாக ஆடும் அதிர்வெண் ஒரு குறுகிய பட்டைக்குள் நிற்க வேண்டும், கோடிக்கணக்கான சின்னச் சின்ன வளைவுகளை வெல்டிங் தாங்க வேண்டும். கீழே உள்ள வரிசை இந்த எண்ணத்தில்தான் அமைந்திருக்கிறது. வரிசையை மாற்றினால் விடை தப்பாகும் என்பதில்லை. ஆனால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய நேரிடும்.

இது மோனோபைலுக்கான வழிகாட்டி. பல கால்கள் கொண்ட எஃகுச் சட்டகமான ஜாக்கெட் என்றால் மொமென்ட் கால்களில் இழுவிசையாகவும் அமுக்குவிசையாகவும் பிரிந்துவிடும், அங்கே பைலின் அச்சு வழித் தாங்குதிறன் முக்கியமாகும். படிகளின் வரிசை பெரிதாக மாறாது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

டர்பைன் தயாரிப்பாளரிடமிருந்து: ரோட்டார், நேசல் (கோபுர உச்சியில் இயந்திரங்கள் இருக்கும் பெட்டி) எடை, அதன் ஈர்ப்பு மையம், இயங்கும் சுழற்சி வேக வரம்பு, கோபுரத்தின் வடிவம், அனுமதிக்கப்படும் அதிர்வெண் பட்டை, அனுமதிக்கப்படும் சாய்வு. கடைசி இரண்டும் பெரும்பாலும் தனி ஆவணமாக வரும். கேட்டு வாங்குங்கள், ஊகிக்காதீர்கள்.

கடல் தரவு: அலை உயரமும் காலமும் சேர்ந்த பட்டியல், காற்றுக்கும் அலைக்கும் இடையிலான திசை வேறுபாடு, நீரோட்டம், ஓத ஏற்ற இறக்கம், பாசியும் சிப்பியும் படியும் தடிமன்.

மண் தரவு: ஒவ்வொரு டர்பைன் இடத்திலும் குறைந்தது ஒரு கூம்பு ஊடுருவல் சோதனை, அதாவது சி.பி.டி. சில இடங்களில் துளையிட்டு எடுத்த மாதிரிகளின் ஆய்வக முடிவுகள். பக்கத்து இடத்தின் சி.பி.டி.யை இங்கே பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். கூடாது. பழைய ஆற்றுப் படுகைகள் கடல் தரைக்கடியில் புதைந்து கிடக்கும் இடங்களில் சில நூறு மீட்டரில் மண் முழுக்க மாறிவிடும்.

விதித்தொகுப்பு: சுமைகளுக்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 61400-3-1, தாங்கு கட்டமைப்புக்குச் சான்றளிப்பு நிறுவனமான டி.என்.வி.யின் எஸ்.டி. 0126, வெல்டிங் களைப்புக்கு டி.என்.வி. ஆர்.பி. சி203. ஒரு தொகுப்பிலிருந்து, சுமையைக் கூட்டிக் காட்டும் சுமைக் காரணியும் இன்னொன்றிலிருந்து, பொருளின் வலிமையைக் குறைத்துக் காட்டும் பொருள் காரணியும் எடுத்துக் கலக்காதீர்கள். ஒவ்வொரு தொகுப்பும் தனக்குள் சமன் செய்யப்பட்டது. கலந்தால் உங்கள் பாதுகாப்பு அளவு என்னவென்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காகிதத்தில் மட்டங்களை வரையுங்கள். நீர் ஆழம் மிகத் தாழ்ந்த ஓத மட்டத்திலிருந்து சொல்லப்பட்டிருக்கிறதா, சராசரிக் கடல் மட்டத்திலிருந்தா? ஹப் உயரம் எதிலிருந்து? சி.பி.டி.யின் பூஜ்ய ஆழம் எது? நான் பங்கெடுத்த ஒரு திட்டத்தில் மண் குழு ஒரு மட்டத்தையும் சுமைக் குழு இன்னொன்றையும் வைத்துக்கொண்டு மூன்று வாரம் கணக்குப் போட்டோம். வித்தியாசம் இரண்டு மீட்டர்தான். அந்த இரண்டு மீட்டருக்காக எல்லாச் சுமைக் கணக்குகளையும் மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து மட்டங்களின் படத்தில் இரண்டு குழுவும் கையெழுத்துப் போடாமல் நான் அடுத்த படிக்குப் போவதில்லை.

2. மண் அறிக்கையை நீங்களே படியுங்கள்

அறிக்கையின் கடைசியில் உள்ள சுருக்க அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு போவது மிகப் பரவலான தவறு. அந்த அட்டவணை யாரோ ஒருவருடைய விளக்கம். மூல வரைபடத்தைப் பாருங்கள்.

சி.பி.டி. வரைபடத்தில் மூன்று கோடுகள் இருக்கும்: கூம்பின் முனைத் தடை, பக்க உராய்வு, நுண்துளை நீரழுத்தம். கூம்பு வினாடிக்கு 20 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கும். மணலில் முனைத் தடை பல பத்து மெகாபாஸ்கலுக்கு ஏறும், நீரழுத்தம் ஏறக்குறைய நிலைநீர் அழுத்தத்தோடு ஒட்டி நடக்கும். களிமண்ணில் முனைத் தடை விழும், நீரழுத்தம் எகிறும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே அடுக்குகள் கண்ணில் படும்.

இப்போது ஒரு பொறி. துளைக்குள்ளிருந்து சோதனை செய்யும்போது கூம்பை ஒரே வீச்சில் இறக்குவதில்லை. ஏறக்குறைய மூன்று மீட்டர் தள்ளுவார்கள், பிறகு துளையை ஆழப்படுத்துவார்கள், மறுபடி தள்ளுவார்கள். ஒவ்வொரு தள்ளலின் தொடக்கத்திலும் துளையின் அடியில் கலைந்த மண் இருக்கும். அதனால் வரைபடத்தில் மூன்று மீட்டருக்கு ஒருமுறை ரம்பப் பல் போல ஒரு பள்ளம் விழும். புதியவர் ஒருவர் அந்தப் பள்ளங்கள் ஒவ்வொன்றையும் "மென்மையான அடுக்கு" என்று குறித்து, பன்னிரண்டு அடுக்கு கொண்ட ஒரு மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார். அங்கே உண்மையில் இருந்தவை மூன்று அடுக்குகள். பள்ளங்கள் சம இடைவெளியில் வந்தால், இயற்கை அப்படி அடுக்குவதில்லை என்று சந்தேகப்படுங்கள்.

படித்து முடித்ததும் ஒரு மண் விவரத்தை அல்ல, மூன்றைத் தயார் செய்யுங்கள்: கீழ் மதிப்பீடு, சிறந்த மதிப்பீடு, மேல் மதிப்பீடு. மண் மென்மையாக இருப்பது மட்டுமே ஆபத்து என்று நினைக்காதீர்கள். அதிர்வெண் மேல் பட்டையை இடிப்பதும் பைலை அடித்து இறக்க முடியாமல் போவதும் மண் எதிர்பார்த்ததைவிட விறைப்பாக இருந்தால் வரும் சிக்கல்கள். ஒரே ஒரு "பாதுகாப்பான" மண் என்று ஒன்று கிடையாது. எந்தச் சரிபார்ப்புக்கு எது பாதகமோ அதை எடுக்க வேண்டும்.

3. முதல் கணக்கு: இயல் அதிர்வெண்

ரோட்டார் ஒரு சுற்றுக்கு ஒருமுறை கட்டமைப்பை உலுக்கும்; இதை 1பி என்பார்கள். மூன்று இறக்கைகளும் கோபுரத்தைக் கடக்கும்போது சுற்றுக்கு மூன்று முறை உலுக்கும், இது 3பி. நம் மாதிரி டர்பைன் நிமிடத்துக்கு 6.9 முதல் 12.1 சுற்று வரை சுழலும். ஆகவே 1பி 0.115 முதல் 0.202 ஹெர்ட்ஸ் வரை, 3பி 0.345 முதல் 0.605 ஹெர்ட்ஸ் வரை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் நம் இயல் அதிர்வெண் உட்கார வேண்டும். இருபுறமும் 10 சதவீதம் விட்டால் மிஞ்சும் பட்டை 0.222 முதல் 0.310 வரை.

மென்பொருளைத் திறக்குமுன் கையால் போடுங்கள். கோபுரத்தையும் பைலையும் சேர்த்து ஒரே சீரான குழாயாகக் கொள்வோம்: நீளம் 100 மீட்டர், விட்டம் 5.5 மீட்டர், தடிமன் 45 மில்லிமீட்டர். வளைவு விறைப்பு சுமார் 602 கிகாநியூட்டன் சதுர மீட்டர். உச்சியில் 350 டன். குழாயின் எடை சுமார் 605 டன். அதில் ஏறக்குறைய கால் பங்கு, 145 டன், உச்சியில் இருப்பதாகக் கணக்கில் சேரும். அடி அசையாமல் பிடிக்கப்பட்டதாக எடுத்தால் உச்சியின் விறைப்பு மீட்டருக்கு 1.81 மெகாநியூட்டன், அதிர்வெண் 0.304 ஹெர்ட்ஸ்.

இதோடு நிறுத்தினால் பட்டையின் மேல் விளிம்பில் தொங்குகிறது. ஆனால் மண் அடியை அசையாமல் பிடிப்பதில்லை. தரை மட்டத்தில் மண் தரும் சுழல் விறைப்பு ரேடியனுக்கு 77 கிகாநியூட்டன் மீட்டர் என்று வைத்தால், அதிர்வெண் 0.274க்கு இறங்குகிறது, பட்டையின் நடுப்பகுதிக்கு. அந்த விறைப்பை 30 சதவீதம் குறைத்தால் 0.263, 30 சதவீதம் கூட்டினால் 0.280. மண்ணில் 30 சதவீதம் தவறினாலும் அதிர்வெண் நாலு சதவீதம்தான் நகர்கிறது, ஏனென்றால் கோபுரத்தின் சொந்த நெகிழ்வு பெரும்பங்கு வகிக்கிறது. இதைக் கையால் ஒருமுறை உணர்ந்தவருக்கு மென்பொருள் 0.19 என்று காட்டினால் உடனே உள்ளுக்குள் மணி அடிக்கும்.

இங்கே நடக்கும் தவறுகள்: பைலுக்குள் நிற்கும் நீரையும் சுற்றி நகரும் நீரையும் நிறையில் சேர்க்காமல் விடுவது, நேசலின் ஈர்ப்பு மையத்தைக் கோபுர உச்சியிலேயே வைத்துவிடுவது, நடைமேடை, மின்கருவி எடைகளை மறப்பது.

4. மண்ணைச் சரியான ஸ்பிரிங்காக மாற்றுங்கள்

பைலின் பக்கவாட்டில் மண்ணை ஸ்பிரிங்குகளாக வைப்பதற்கு, மண்ணின் எதிர்ப்பையும் பைல் நகரும் தூரத்தையும் இணைக்கும் பி-ஒய் வளைகோடுகள் என்ற முறை நெடுங்காலமாக உண்டு. மணலுக்கான வளைகோடுகள் 0.61 மீட்டர் விட்டமும் 21 மீட்டர் ஆழமும் கொண்ட பைல்களைச் சோதித்து வந்தவை. நீளம் விட்டத்தைப் போல 34 மடங்கு. அப்படிப்பட்ட பைல் மண்ணுக்குள் நாணல் போல வளையும். நம்முடையது விட்டத்தைப் போல ஐந்து மடங்கு நீளம்கூட இருக்காது. அது வளைவதைவிட, ஊன்றிய கடப்பாரையைப் போல மொத்தமாகச் சாய்ந்து திரும்பும். அப்போது பழைய வளைகோடுகள் கவனிக்காமல் விட்ட மூன்று எதிர்ப்புகள் வேலை செய்யத் தொடங்குகின்றன: பைலின் பக்கச் சுவரில் மேலும் கீழுமாக வரும் உராய்வு தரும் மொமென்ட், அடிமுனையில் வரும் வெட்டுவிசை, அடிமுனையில் வரும் மொமென்ட்.

பீசா என்ற கூட்டு ஆய்வு, பழைய பக்கவாட்டு எதிர்ப்பையும் இந்த மூன்றையும் சேர்த்து நான்காகப் பிரித்து வைத்தது. இங்கிலாந்தின் கவுடனில் களிமண்ணிலும் பிரான்சின் டன்கர்க்கில் மணலிலும் 2 மீட்டர் விட்டம் வரையிலான பைல்களைத் தள்ளிப் பார்த்து, முப்பரிமாணக் கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். நடைமுறைக்கு இதன் பொருள்: முதல்கட்ட அளவுக்குப் பழைய வளைகோடு போதும். இறுதி வடிவமைப்புக்குப் பீசா வழியையோ, அந்த இடத்து மண்ணுக்கே செய்த முப்பரிமாணக் கணக்கையோ பயன்படுத்துங்கள். கட்டி முடித்த டர்பைன்களில் அளந்த அதிர்வெண் வடிவமைப்பில் கணித்ததைவிடக் கூடுதலாகவே பலமுறை வந்திருப்பதற்கு, பழைய முறை சிறு அசைவுகளில் மண்ணின் விறைப்பைக் குறைத்து மதிப்பிடுவது ஒரு முக்கியக் காரணம்.

சிறு அசைவு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அன்றாட இயக்கத்தில் மண் மிகக் கொஞ்சமே நகரும். அப்போது அதன் விறைப்பு மிக அதிகம். புயலில் கூடுதலாக நகரும்போது விறைப்பு குறையும். ஆகவே அதிர்வெண்ணுக்கும் களைப்புக்கும் சிறு திரிபு வெட்டுக் குணகத்தை அளந்து பயன்படுத்துங்கள். அதிர்வு உணரி பொருத்திய சி.பி.டி. இதைத் தரும். உச்சச் சுமைக்கு வளைகோட்டின் முழு வடிவமும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங்கை வைப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

5. பைலைச் சுற்றி மண் அரிப்பு

நீரோட்டம் பைலில் மோதி, அடியில் சுழித்து, சுற்றியுள்ள மணலைத் தோண்டிவிடும். பாதுகாப்பில்லாத மணலில் நிலையான நீரோட்டம் தோண்டும் ஆழத்துக்கு வழக்கமான மதிப்பீடு விட்டத்தைப் போல 1.3 மடங்கு. 6 மீட்டர் பைலுக்கு இது 7.8 மீட்டர்.

இந்த எண் மூன்று இடங்களில் அடிக்கும்: சுதந்திரமாக நிற்கும் நீளம் கூடுவதால் அதிர்வெண் இறங்கும், மொமென்ட் கை நீளும், பைலைப் பிடிக்கும் மண் குறையும். ஆகவே இப்போதே முடிவு எடுங்கள். ஒன்று, கல் போட்டுக் காப்பது: கீழே மணல் தப்பிக்காதபடி சிறு கற்களின் வடிகட்டி அடுக்கு, மேலே அலை புரட்டாத பெரிய கற்கள். அல்லது அரிப்பை ஏற்றுக்கொண்டு பைலை நீட்டுவது. வேலையின் கடைசியில் "அரிப்பையும் சேர்த்துக்கொள்வோம்" என்று வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும்.

கல் போட முடிவு செய்திருந்தாலும், பள்ளம் இல்லாத நிலை, பள்ளம் விழுந்த நிலை இரண்டுக்கும் அதிர்வெண்ணைப் பாருங்கள். வடிகட்டி அடுக்கைப் பைலுக்கு முன்பே போடுவதா, பின்பு போடுவதா என்பதையும் கேளுங்கள். பின்பு என்றால், இடைப்பட்ட வாரங்களிலேயே மணல் கரையத் தொடங்கிவிடும்.

6. சுமைகளைத் திரட்டுவது

ஐ.இ.சி. தொகுப்பு சுமை நிலைகளை எண் போட்டுத் தருகிறது. நூற்றுக்கணக்கில் கணக்குகள் ஓடும். பெரும்பாலும் முடிவு செய்பவை சில: இயங்கும்போது வரும் உச்சக் காற்றுக் கொந்தளிப்பு, 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் புயலில் ரோட்டார் நிறுத்தப்பட்ட நிலையான 6.1, களைப்புக்கு அன்றாட இயக்கமான 1.2, களைப்புக்கு ஓய்வு நிலையான 6.4. இயல்பான நிலைகளுக்குச் சுமைக் காரணி 1.35, பழுது போன்ற அசாதாரண நிலைகளுக்கு 1.1.

காற்றையும் அலையையும் தனித்தனியே கணக்கிட்டு உச்சங்களைக் கூட்டாதீர்கள். அலையின் அசைவு ரோட்டாரின் காற்றுத் தணிப்பை, அதாவது சுழலும் ரோட்டாரில் காற்று அசைவை அடக்குவதை, மாற்றும். காற்று அலைக்கான அசைவை மாற்றும். இரண்டும் ஒரே கணினி ஓட்டத்தில் சேர்ந்தே போக வேண்டும்.

அலை விசைக்கு மாரிசன் சமன்பாடு போதும் என்று கற்றிருப்பீர்கள். பைலின் விட்டம் அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் போதாது. 4 வினாடிக் கால அலையின் நீளம் ஆழமான நீரில் சுமார் 25 மீட்டர். 6 மீட்டர் பைல் அதில் கிட்டத்தட்ட கால் பங்கு. பைலே அலையைச் சிதறடிக்கும், விசை குறையும். மெக்கேமி-ஃபக்ஸ் திருத்தம் இதற்காகத்தான். 4 வினாடி என்றால் 0.25 ஹெர்ட்ஸ், அதாவது நம் இயல் அதிர்வெண்ணுக்குப் பக்கத்து வீடு. புயலின் பெரிய அலைகள் 10 வினாடிக்கு மேல் காலம் கொண்டவை, அவை நம் அதிர்வெண்ணைத் தொடுவதில்லை. வருடம் முழுக்க வரும் இந்தச் சின்ன அலைகள்தான் பைலைத் தாலாட்டிக் களைப்பாக்குகின்றன. அவற்றுக்குத் திருத்தத்தை விட்டால், தேவையில்லாத எஃகைக் கடலில் போடுவீர்கள்.

விட்டத்தைக் கூட்டித் தப்பிக்கலாம் என்ற எண்ணத்துக்கும் இங்கே ஒரு எச்சரிக்கை. அலையில் நீர் முடுக்கம் பெறுவதால் வரும் நிலைம விசை விட்டத்தின் இருமடிக்கு ஏறும். 7 மீட்டரை 8 ஆக்கினால் 31 சதவீதம் கூடுதல். விறைப்பு அதைவிட வேகமாக ஏறுவதால் அதிர்வெண் மேம்படும். ஆனால் சுமைகளை மறுபடி ஓட்டாமல் தடிமனைக் குறைக்கக் கூடாது.

7. வலிமைச் சரிபார்ப்பு

இங்கே வேகமாகப் போகலாம். ஆனால் இரண்டு இடங்களில் நில்லுங்கள்.

முதலாவது, எஸ்355 எஃகு என்றவுடன் 355 மெகாபாஸ்கல் என்று எழுதாதீர்கள். தகடு தடிமனாக ஆக இளகு வலிமை (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) குறையும்: 63 முதல் 80 மில்லிமீட்டர் வரை 325, 80 முதல் 100 வரை 315.

இரண்டாவது, தடிமனின் கீழ் வரம்பு. கடல் பைல்களுக்கான, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் பழைய ஏ.பி.ஐ. விதி மில்லிமீட்டரில் 6.35 கூட்டல் விட்டத்தின் நூறில் ஒரு பங்கு என்கிறது. 6 மீட்டருக்கு 66 மில்லிமீட்டர் வரும். இன்றைய பெரிய பைல்கள் இதைவிட மெலிதாகவும் செய்யப்படுகின்றன. ஆனால் அப்போது சுவர் நெளிவையும் அடித்து இறக்கும்போது முனை நசுங்குவதையும் தனியே நிரூபிக்க வேண்டும்.

மண்ணின் தாங்குதிறனுக்கு மண் வலிமையைக் காரணியால் குறையுங்கள்: டி.என்.வி. வழியில் மணலின் உராய்வுக்கு 1.15, களிமண்ணின் வெட்டு வலிமைக்கு 1.25. இங்கே கீழ் மதிப்பீட்டு மண்.

8. சாய்வு: மெல்ல மெல்லச் சேரும் பிழை

வழக்கமான வரம்பு தரை மட்டத்தில் மொத்தம் 0.5 பாகை நிரந்தரச் சாய்வு. இதில் பாதி, 0.25 பாகை, பைலை நடும்போதே செலவாகிவிடலாம். மீதி 0.25 பாகைதான் 25 வருடப் புயல்களுக்கு. 100 மீட்டர் உயரத்தில் அது 44 சென்டிமீட்டர் விலகல்.

ஒரே ஒரு உச்சப் புயலைப் போட்டு, சுமையை எடுத்துவிட்டு, மிஞ்சும் சாய்வைப் பார்ப்பது போதாது. சுமை பெரும்பாலும் ஒரே பக்கமாக வரும். ஒவ்வொரு சுழற்சியும் மண்ணில் ஒரு துளி நிரந்தர நகர்வை விட்டுச் செல்லும். வடகடல் நடைமுறையில் 35 மணி நேரப் புயல் ஒன்றை எடுத்து, அதன் அலைகளை அளவு வாரியாகப் பிரித்து, சுழற்சிச் சோதனை செய்த மண் மாதிரிகளின் முடிவுகளோடு இணைக்கிறார்கள்.

மணல் நீரை உடனே வெளியேற்றிவிடும் என்ற பாடப்புத்தக நம்பிக்கை இங்கே கைவிட வேண்டியது. நீர் போக வேண்டிய தூரம் பைலின் விட்டத்தைப் பொறுத்தது. 6 மீட்டர் பைலின் பக்கத்தில், புயலின் உச்சத்தில், நீரழுத்தம் வடிய நேரம் கிடைக்காமல் போகலாம். வடியாமல் சேர்ந்தால் மணல் பிடிப்பை இழக்கும்.

9. களைப்பு: அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி

0.274 ஹெர்ட்ஸில் 25 வருடம் அசைந்தால் 21 கோடி சுழற்சிக்கு மேல். 42 மெகாபாஸ்கல் சின்ன எண்ணாகத் தெரிந்தது ஏன் ஏமாற்று என்பது இப்போது விளங்கும்.

வெல்டிங்கின் ஆயுளைத் தரும் எஸ்-என் வளைகோட்டில் சேதம் தகைவு வீச்சின் மூன்றாம் அடுக்குக்கு ஏறும்; சிறு வீச்சுகளில் ஐந்தாம் அடுக்கு. தகைவு 10 சதவீதம் கூடினால் சேதம் 33 முதல் 61 சதவீதம் கூடும். 61 சதவீதம் என்றால் 25 வருட ஆயுள் பதினைந்தரை வருடமாகச் சுருங்கும். முன் படிகளில் "ஒரு பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கட்டும்" என்று விட்டதெல்லாம் இங்கே வந்து வட்டியோடு நிற்கும்.

தடிமன் விளைவை மறக்காதீர்கள். எஸ்-என் வளைகோடு 25 மில்லிமீட்டர் தகட்டுக்கானது. 70 மில்லிமீட்டர் தகட்டில், தடிமன் விகிதத்தின் அடுக்குக்குறி 0.2 என்றால், தகைவை 1.23 ஆல் பெருக்க வேண்டும். மூன்றாம் அடுக்கில் சேதம் 1.86 மடங்கு. புதியவர்கள் கொண்டுவரும் களைப்புக் கணக்கில் நான் முதலில் தேடுவது இந்த ஒற்றைப் பெருக்கலைத்தான்.

அடுத்து, டர்பைன் நிற்கும் நேரம். ரோட்டார் சுழலும்போது காற்றே முன்-பின் அசைவைத் தணிக்கும். தணிப்பு சில சதவீதம் வரும். ரோட்டார் நின்றுவிட்டால் அந்தத் தணிப்பு கிட்டத்தட்ட மறைந்து, எஃகும் நீரும் மண்ணும் தருவதே மிச்சம். அப்போது மேலே சொன்ன 4 வினாடி அலை பைலை நெடுநேரம் ஆட்டும். கணக்கில் டர்பைன் எப்போதும் இயங்குவதாக வைப்பவர், சேதத்தில் கணிசமான பங்கு ஒளிந்திருக்கும் நேரத்தையே விட்டுவிடுகிறார். பழுது, மின்தொகுப்பு இணைப்புக்கான காத்திருப்பு, காற்றில்லாத நேரம் எல்லாவற்றையும் நியாயமான சதவீதத்தில் சேருங்கள்.

காற்றும் அலையும் வெவ்வேறு திசையில் வரும்போதும் இதே கதைதான். பக்கவாட்டு அசைவுக்கு ரோட்டார் தரும் தணிப்பு மிகக் குறைவு. காற்றுத் திசைக்குக் குறுக்கே அலை வந்தால் சேதம் பைலின் வேறொரு பக்கத்தில் சேரும். சுற்றளவில் குறைந்தது எட்டுப் புள்ளிகளிலாவது சேதத்தைத் தனித்தனியே கூட்டுங்கள்.

கடைசியாக, எங்கே பார்ப்பது? தரை மட்டத்தில் மட்டும் அல்ல. பெரும மொமென்ட் மண்ணுக்குள் சில மீட்டர் கீழே வரும். தடிமன் மாறும் வெல்டிங்குகளையும், வெளிச்சுவரில் பற்றவைத்த ஒவ்வொரு துண்டையும் பாருங்கள். ஏணியைத் தாங்கும் சின்னத் துண்டு ஒன்று முழுப் பைலின் ஆயுளையும் தீர்மானித்துவிட முடியும். முடிந்தவரை பைலில் எதையும் பற்றவைக்காதீர்கள். மண்ணுக்குள்ளும் நீருக்கடியிலும் பிறகு போய் ஆய்வு செய்ய முடியாத இடங்களுக்கு ஆயுள் காரணி 3 வைப்பது வழக்கம், அதாவது கணக்கில் வரும் ஆயுள் தேவையானதைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும்.

10. இணைப்பும் துருவும்

பைலுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான இணைப்புக் குழாயைக் கிரவுட் (சிமென்ட் கலவை) ஊற்றிப் பிடிப்பது ஒரு முறை. நேரான, வழுவழுப்பான உருளைகளுக்கு இடையில் ஊற்றிய கிரவுட் பிடிப்பை இழந்து, குழாய் மெல்லக் கீழே நழுவியது வடகடலில் 2009-10 வாக்கில் பல இடங்களில் தெரியவந்தது. பெரிய விட்டமும் மாறி மாறி வரும் மொமென்ட்டும் கிரவுட்டைத் தேய்த்துவிட்டன. இப்போது கூம்பு வடிவம், சுவரில் வெல்டிங்கால் எழுப்பிய மேடுகள், அல்லது போல்ட் இட்ட விளிம்பு என்று போகிறார்கள். போல்ட் என்றால் இறுக்கும்போது ஏற்றிய முன்னிழுவிசை போகப் போகத் தளருவதைக் கணக்கில் எடுத்து, மறு இறுக்கலுக்கு நாள் குறித்துவிடுங்கள்.

துருவில் வெளிப்புறத்தை எல்லோரும் கவனிப்பார்கள். உட்புறத்தை "மூடியிருக்கிறது, ஆக்சிஜன் தீர்ந்துவிடும், துரு நின்றுவிடும்" என்று விடுவார்கள். கேபிள் நுழையும் துளைகளின் அடைப்பு கசிந்து, ஓதத்தோடு புது நீர் உள்ளே வந்து போன பைல்கள் பல. மூடிய நீரில், எஃகுக்குப் பதில் தான் கரைந்து துருவைத் தடுக்கும் அலுமினிய ஆனோடு தொங்கவிட்டால் நீர் அமிலமாகும் சிக்கலும் உண்டு. உள்ளே நீர் மாற வழி விடுவதா, முழுதும் அடைப்பதா என்பதை முடிவு செய்து, அதற்கேற்ற எஸ்-என் வளைகோட்டை ஒன்பதாம் படியில் பயன்படுத்துங்கள். தடையில்லாத் துருவுக்கான வளைகோடு தரும் ஆயுள் மிகக் குறைவு.

11. அடித்து இறக்க முடியுமா?

இங்கே மேல் மதிப்பீட்டு மண். சுத்தியலின் ஆற்றல் போதுமா, அடியின் எண்ணிக்கை எவ்வளவு, ஒவ்வொரு அடியும் வெல்டிங்கில் ஏற்படுத்தும் தகைவு என்ன என்று பாருங்கள். களைப்பு ஆயுளில் ஒரு பங்கைச் சுத்தியலே செலவழித்துவிடும். அந்தப் பங்கை ஒன்பதாம் படியின் மொத்தத்தில் கூட்ட வேண்டும்.

கீழ் மதிப்பீட்டு மண்ணையும் ஒருமுறை போடுங்கள். கெட்டியான அடுக்கைத் தாண்டி மென்மையான களிமண்ணில் நுழைந்ததும் பைல் தன் எடையிலேயே சடாரென்று ஓடும் அபாயம் உண்டு. புதைந்த பாறை உருண்டைகள் இருந்தால் முனை உள்பக்கம் மடங்கும். ஒருமுறை மடங்கியது இறங்க இறங்கப் பெரிதாகிக்கொண்டே போகும்.

ஒலி வரம்பையும் இப்போதே கேளுங்கள். ஜெர்மனியில் 750 மீட்டர் தூரத்தில் ஓர் அடியின் ஒலி வெளிப்பாடு 160 டெசிபெலைத் தாண்டக் கூடாது. ஒலியை மட்டுப்படுத்தக் காற்றுக் குமிழித் திரை போட்டாலும் சுத்தியலின் ஆற்றலைக் குறைக்க நேரிட்டால் அடியின் எண்ணிக்கை கூடும். களைப்புக் கணக்கும் கூடவே மாறும்.

12. நட்ட பிறகு அளந்து பாருங்கள்

கோபுரத்தில் முடுக்கமானி பொருத்தி, ரோட்டார் நின்றிருக்கும் ஒரு நாளில் அதிர்வெண்ணை அளந்து, உங்கள் மூன்று மண் மதிப்பீடுகளுக்கும் வந்த எண்களோடு ஒப்பிடுங்கள். முதல் அளவை ஓத மட்டம், கடல் தரை மட்டம் இரண்டோடும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வரும் அளவுகளை ஒப்பிட அடிப்படை இருக்காது.

அதிர்வெண் படிப்படியாக இறங்கினால் முதலில் கடல் தரையை ஒலியலைக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள், அரிப்புதான் முதல் சந்தேகம். அரிப்பு இல்லையென்றால் போல்ட் இறுக்கத்தையும் கிரவுட்டையும் பாருங்கள். அதிர்வெண் மாறாமல் சாய்வு மட்டும் ஒரு பக்கமாகக் கூடினால், எட்டாம் படியின் சுழற்சிக் கணக்கை எடுத்து, உண்மையில் அடித்த புயல்களை அதில் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.